கேட்ட கேள்விக்கு மட்டும்

ஏழாவது வரை தாராவியில் தமிழ்ப் பள்ளி. எட்டாவதில் என்னை இங்கிலீஷ் மீடியத்தில் கொண்டுபோய்ப் போட்டார்கள். பாடத்தைத் திறந்தால் பக்கத்துக்கு நாலு சொல்தான் தெரியும். ட்யூஷனில் ஒரு வழி சொல்லிக் கொடுத்தார்கள். பத்தியைப் படிக்காதே, முதலில் கீழே உள்ள கேள்வியைப் படி. கேள்வியில் இருக்கும் சொல் பத்தியில் எங்கே வருகிறது என்று தேடு. அந்த வரியை அப்படியே எழுது.

அந்த வழியிலேயே பத்தாவது தாண்டி, மாட்டுங்காவில் காலேஜ் வரை வந்துவிட்டேன். நான் மார்க் வாங்கிய பல பத்திகள் எதைப் பற்றியவை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனாலும் எங்கள் சந்தில் யாருக்கு இங்கிலீஷ் காகிதம் வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். கொஞ்சம் தலைக்கனத்தோடுதான் திரிந்தேன்.

அப்பா தோல் பைப் பட்டறையில் தையல் மெஷினில் உட்காருபவர். சர்க்கரை வியாதி உண்டு. வலது காலில் பட்ட சின்னக் காயம் ஆறாமல் கறுத்துப்போனதும் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். புண்ணைச் சுத்தம் செய்ய ஆபரேஷன் என்றார்கள். காலையில் நர்ஸ் ஒரு ஃபாரத்தைக் கொடுத்து, இந்தியில் சொல்லட்டுமா என்று கேட்டார். அப்பா முந்திக்கொண்டார்.

"மேரா லட்கி படேகா," என் மகளே படிப்பாள் என்றார் தன் இந்தியில். பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்ததில் அவருக்கு ஒரே பெருமை.

இரண்டு பக்கம், பொடி எழுத்து. போனில் படம் பிடித்துத் தமிழில் மாற்றிப் பார்த்திருக்கலாம். அத்தனை பேர் முன்னால் அப்படிச் செய்ய எனக்குக் கௌரவக் குறைச்சலாக இருந்தது.

"ஏளா, மயக்க ஊசி போடுவாவளா?"

தேடினேன், இருந்தது. சொன்னேன்.

"எம்புட்டு நேரம் ஆவுமாம்?"

அதுவும் இருந்தது.

"என்னைக்கு வீட்டுக்கு விடுவாவ?"

இரண்டாம் பக்கத்தின் அடியில் கிடைத்தது.

"வேற ஒண்ணும் இல்லல்லா?"

அந்தக் கேள்வியில் தேடுவதற்கு ஒரு சொல்லும் இல்லை. "ஒண்ணும் இல்லப்பா, கையெழுத்துப் போடுங்க," என்றேன். போட்டார்.

அப்பா மயக்கம் தெளிந்து பார்த்தபோது கால் கட்டுக்குள் பெருவிரலும் அடுத்த விரலும் இல்லை. அவர் என்னைத் திட்டவில்லை. "அதுல எழுதியிருந்துச்சா?" என்று மட்டும் கேட்டார். ஃபைலை வாங்கிப் பார்த்தேன். முதல் பக்கத்திலேயே இருந்தது. அவசியம் என்று தெரிந்தால் விரல்களை எடுக்க நேரலாம். அந்த வரியில் எனக்குத் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை. "இருந்துச்சுப்பா," என்றேன்.

எடுக்காவிட்டால் பாதமே போயிருக்கும் என்றார் டாக்டர். தெரிந்திருந்தாலும் அப்பா கையெழுத்துப் போட்டிருப்பார் என்று அம்மா எனக்குச் சமாதானம் சொன்னாள். போட்டிருப்பார்தான். ஆனால் நான் சொன்னதை நம்பி, முழுக்காலோடு திரும்பிவரலாம் என்றல்லவா உள்ளே போனார். இப்போது அவரால் மெஷினை மிதிக்க முடிவதில்லை. அதே பட்டறையில் தரையில் உட்கார்ந்து பிசிறு நூல் வெட்டுகிறார்.

அதற்குப் பிறகு எந்தக் காகிதத்தையும் பென்சிலோடுதான் வாசிக்கிறேன். ஒவ்வொரு பத்திக்கும் ஓரத்தில் தமிழில் ஒரு வரி. அது எழுத வராவிட்டால் அடுத்த பத்திக்குப் போவதில்லை. ஒரு பக்கத்துக்கு அரைமணி நேரம் ஆகிறது.

போன மாதம், குடிசைகளை இடித்துக் கட்டப்போகிறோம் என்று எங்கள் வீட்டை அளந்துவிட்டுப் போனவர்கள் ஒரு இங்கிலீஷ் காகிதம் கொடுத்தார்கள். அப்பா அதை என் முன்னால் வைத்துவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தார். வழக்கம்போல் ஏதாவது கேட்பார் என்று காத்திருந்தேன்.

"நான் ஒண்ணும் கேக்கல. நீ முதல்ல இருந்து வாசி," என்றார்.

பென்சிலை எடுத்துக்கொண்டு முதல் பத்தியை வாசித்து, நிதானமாகத் தமிழில் சொன்னேன். நிமிர்ந்து பார்த்தேன். அவர் கையில் போன். முன்பே படம் பிடித்து வைத்திருந்த அதே காகிதம் அதில் தமிழில் ஓடிக்கொண்டிருந்தது. நான் சொன்ன வரி அங்கே இருக்கிறதா என்று விரலால் தேடிக்கொண்டிருந்தார்.