முன்வரிசைப் பிளம்பர்

தோஹாவில் ஒரு நெதர்லாந்துப் பேராசிரியர் தண்ணீர் மேலாண்மை பற்றிப் பேச வந்தார். இரு நாட்டுக் கல்விப் பரிமாற்றமாம். கேட்கத்தான் ஆளில்லை. போட்டோவில் கூட்டம் தெரிய வேண்டுமே! எங்கள் கம்பெனியின் தொழிற்பேட்டை கேம்பிலிருந்து ஒரு பஸ் நிறையத் தொழிலாளர்களை இறக்கினோம். அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளன் நான். கோட்டும் இரவல், ஆங்கிலமும் இரவல்.

முன்வரிசையில் ராமநாதபுரத்துப் பிளம்பர் ஒருவர். ஐம்பது வயதிருக்கும். கொடுத்த பாட்டிலில் ஒரு மடக்குக் குடிப்பார், உடனே மூடியை இறுக்கித் திருகுவார்.

கேள்வி நேரத்தில் எழுந்தார். "ஒங்க ஊர்ல கடலையே தள்ளி வச்சு நெலம் எடுத்தோம்ங்கிறீக. எங்க கேம்ப்ல மூணாம் மாடிக்கு ஒரு வாரமா தண்ணி ஏறல. ஒரு வழி சொல்லுங்கய்யா."

என் மேனேஜர் முறைத்தார். "இரு நாட்டு நட்பு வாழ்க என்கிறார்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவைத்தேன். பேராசிரியர் உருகிக் கைதட்டினார். சபையும் தட்டியது.

பஸ் ஏறும்போது பிளம்பர் கேட்டார்: "என்ன தம்பி சொன்னாரு?"

"ஆவன செய்வாராம்ணே."

"செய்வாரு, செய்வாரு. நீங்க அவருகிட்ட சொன்னதுல 'வாட்டர்'ங்கிற வார்த்தையே வரலையே தம்பி?"

திட்டியிருந்தால் மறுநாளே மறந்திருப்பேன். சிரித்துக்கொண்டே ஏறிப் போனார், பாவி மனுஷன்.