பத்து நாள் பொறுக்கச் சொன்னேன்

ஒரு நகரத்துக்கே மருந்தை எட்டச் செய்தவன், ஒரே ஒரு மனிதருக்கு மட்டும் அதை எட்டாமல் செய்துவிட்டால், அவனை நீங்கள் எந்தப் பெயரால் அழைப்பீர்கள்?

நாச்சிமுத்துவின் ஊசியை இடையில் நிறுத்தியவன் நான். வறுமை நிறுத்தியது என்று மருத்துவர் நம்பினார். கப்பல் நிறுத்தியது என்று நாச்சிமுத்துவின் மனைவி நம்பினார். இரண்டும் உண்மையல்ல... நான்தான்!

அழுதுகொண்டே இதை எழுதுகிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் வந்த அந்த ஆண்டை நினைத்தால் இன்றும் என் தோள் தானாக நிமிர்கிறது. நாங்கள் வென்றோம்! அந்த வெற்றியில் பொய் ஏதும் இல்லை. அதனால்தான் இதைச் சொல்வது இத்தனை கடினமாக இருக்கிறது.

ஒப்பணக்காரத் தெருவில் இருந்த எங்கள் மருந்துக்கடை, மலைத் தோட்டத்துத் துரைமார்களுக்காக வெள்ளைக்காரர் ஒருவர் தொடங்கியது. நாடு விடுதலையானதும் வெங்கடசாமி முதலாளி அதை விலைக்கு வாங்கினார். ஆனால் சீமை மருந்துகள் பழைய வழியிலேயே வந்தன. பம்பாயில் ஒருவர் இறக்குவார். மதராஸ் ஏஜென்ட் அவரிடம் வாங்குவார். நாங்கள் ஏஜென்டிடம் வாங்குவோம். கைமாறும் ஒவ்வோர் இடத்திலும் விலை ஒரு படி ஏறும்.

மதராசில் மருந்தியல் பட்டம் பெற்றுத் திரும்பிய எனக்கு அந்தப் படிகளைக் காணக் காண உள்ளம் கொதித்தது. பஞ்சாலைத் தூசியில் உழைத்தவர்கள் காசநோயோடு வந்தார்கள். அவர்களைக் காப்பாற்றும் ஸ்ட்ரெப்டோமைசின் எங்கள் அலமாரியிலேயே இருந்தது. விலையைக் கேட்டுவிட்டு, இருமலை முந்தானையிலும் துண்டிலும் பொத்திக்கொண்டு படியிறங்கினார்கள்.

நாமே நேராக இறக்குமதி செய்வோம் என்றேன்.

முதலாளி சிரித்தார். “ஏனுங்க தம்பி, பருத்திக்கொட்டை வாங்கறாப்பல பேசறீங்க! சீமைங்க அது.”

“கடிதாசி போட்டாப் பதில் வருமுங்க.”

“போடுங்க. போனாத் தபால் தலைதானுங்களே.”

பதில் வந்தது! லண்டன் நிறுவனம் ஒன்று சரக்குத் தர இசைந்தது. இறக்குமதி உரிமத்துக்காக மதராஸ் அலுவலகத்தின் மரப்பெஞ்சுகளில் நான் காத்துக்கிடந்த நாட்களை விவரிக்க மாட்டேன். உரிமம் கைக்கு வந்த அன்று முதலாளி கடையில் எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கித் தந்தார்.

அதற்கு மறுவாரம் இத்தாலியிலிருந்து ஒரு கடிதம். அதே மருந்து, அதே தரம், லண்டனைவிடவும் மலிவு!

என் குற்றம் அங்கே தொடங்குகிறது. பேராசை என்பீர்களா? எனக்காக ஒரு காசும் நான் விரும்பவில்லை. விலை இன்னும் இறங்க வேண்டும். இந்த ஊர் திகைத்து நிற்க வேண்டும். அதைச் செய்தவன் நானாக இருக்க வேண்டும்... மூன்றாவது ஆசைதான் மற்ற இரண்டையும் இழுத்துச் சென்றது என்பது இப்போது தெரிகிறது. உரிமத்திலோ சரக்குத் தருபவராக லண்டன் நிறுவனத்தின் பெயர் இருந்தது. நான் இத்தாலிக்கு மாற்றி ஆர்டர் அனுப்பினேன்.

“காகிதத்துல ஒரு ஊரு, சரக்கு வேற ஊருன்னா கொச்சித் துறைமுகத்துல சும்மா உடுவாங்களா?” என்று முதலாளி கேட்டார்.

“அதை மாத்தச் சொல்லி நான் எழுதிக்கறேனுங்க,” என்றேன்.

எழுதவில்லை. மறந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. மருந்து ஒன்றேதானே, யார் தடுக்கப்போகிறார்கள் என்று தள்ளிப்போட்டேன்.

சரக்கு கப்பலேறிவிட்டதாகத் தந்தி வந்த வாரத்தில்தான் பழனியம்மாள் கடைக்கு வந்தார். கணவர் நாச்சிமுத்துவுக்குப் பீளமேட்டு மில் ஒன்றில் பஞ்சு உடைக்கும் பகுதியில் வேலை. மூன்று மாதமாக ஊசி போட்டுக்கொண்டிருந்தார்; இரத்த வாந்தி நின்று உடம்பு தேறிவந்தது. வாராவாரம் மருந்து வாங்க வரும் பழனியம்மாள் அன்று தயங்கி நின்றார்.

“ஏனுங்க சார், வெலை எப்பவாச்சும் கொறையுமுங்களா? கையில இருந்ததெல்லாம் தீந்துபோச்சு. சூலூர்ச் சந்தையில எருமையைக் குடுத்துப்போடலாம்னு இருக்கறேன். பாலுக்கு அது ஒண்ணுதானுங்க.”

நோயாளிக்குப் பால் வேண்டும். எருமை போனால் பாலும் போகும். நான் எடைபோட்டுப் பார்த்தேன்... ஆம், எடைபோட்டேன்! ஒரு புறம் பத்து நாள் ஊசி. மறு புறம் எருமை. ஊசி இடையில் நின்றால் கிருமி மருந்தை எதிர்க்கப் பழகிவிடும் என்பது படித்தவனான எனக்குத் தெரியாதா? தெரியும். பத்து நாளில் என்ன ஆகிவிடும் என்று அந்தப் படிப்பை ஒதுக்கினேன்.

“எருமையை விக்காதீங்க அக்கா. பத்து நாள் பொறுங்க. பாதி வெலைக்கு நானே தாரேன். மொத மருந்து உங்களுக்குத்தான்.”

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிடு எனக்கு இனித்தது!

கொச்சியில் சரக்கை நிறுத்திவிட்டார்கள். உரிமத்தில் ஒரு பெயர், பெட்டிகளில் வேறு பெயர். திருத்தம் வாங்க நான் மதராசுக்கு ஓடினேன், திரும்பினேன், மீண்டும் ஓடினேன். ஏஜென்டின் உள்ளூர் விற்பனையாளர் கடை வாசலில் சைக்கிளை நிறுத்திக் கேட்டார்: “என்னுங்க பட்டதாரி, உங்க கப்பல் நடுக்கடல்ல மீன் புடிச்சிட்டு இருக்குதுங்களா?” கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

பழனியம்மாள் பன்னிரண்டாம் நாள் வந்தார். இன்னும் நாலு நாள் என்றேன். மறுபடி வந்தார். “மறுபடியும் இருமறாருங்க,” என்றார். கப்பல் தாமதம் என்றேன். என் முதுகுக்குப் பின்னால், கையெட்டும் தூரத்தில், பழைய விலை மருந்துகள் அடுக்கியிருந்தன. இனிக் காத்திருக்காதீர்கள், என்னால் தவறு நேர்ந்துவிட்டது, இதை எடுத்துப் போங்கள் என்று சொல்ல எத்தனை சொற்கள் வேண்டும்? சொன்னால் என் தோல்வி ஊருக்குத் தெரிந்துவிடும். சொல்லவில்லை...

ஐந்து வாரம் கழித்துச் சரக்கு வந்து சேர்ந்தது.

அந்த நாளை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! கடைவாசலில் தொடங்கிய வரிசை தெருமுனையில் திரும்பி நின்றது. காரமடையிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். “வெள்ளைக்காரன் எப்பவோ போயிட்டான், அவன் வெச்ச வெலை இன்னைக்குத்தானுங்க மூட்டை கட்டுது!” என்று ஒரு மில் தொழிலாளி கூவ, வரிசையே ஆரவாரித்தது. மாதம் முடிவதற்குள் மற்றக் கடைகளும் விலையை இறக்கின. மதராஸ் ஏஜென்டும் இறக்கினார்! வேண்டாம் என்று படியிறங்கியவர்கள் மருந்தோடு இறங்குவதை என் கண்ணால் கண்டேன். முதலாளி எனக்கு மாலை போட்டார். அந்த மகிழ்ச்சியை நான் மறுக்க மாட்டேன்.

முதல் மருந்து பழனியம்மாளுக்குத்தான் போனது. வாக்கைக் காப்பாற்றினேன்! நாச்சிமுத்துவின் உடம்போ அந்த மருந்துக்கு இணங்கவில்லை.

அரசு மருத்துவர் ஒருநாள் கடைக்கு வந்தபோது சொன்னார்: “நல்லாத் தேறிட்டு வந்த ஆளுங்க. காசில்லைன்னு நடுவுல நிறுத்திப்போட்டாங்களாமா. பொண்டாட்டியே சொல்லுச்சு. உங்க வெலை ஒரு மாசம் முன்னாடி வந்திருந்தா...”

நான் தலையசைத்தேன். வேறெதுவும் செய்யவில்லை. தலையை மட்டும் அசைத்தேன்!

மார்கழியில் நாச்சிமுத்து இறந்தார்.

துக்கம் கேட்கப் போனேன். வாசலில் என்னைத் தனியே அழைத்துப் பழனியம்மாள் தணிந்த குரலில் சொன்னார்: “டாக்டருகிட்ட உங்க பேரச் சொல்லலீங்க சார். கப்பல் வராததுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? அத்தனை சனம் உங்களை நம்பி வருது. நான் எதுக்குங்க அதைக் கெடுக்கோணும்?”

எந்தக் கடிதத்தை நான் எழுதாமல் விட்டேன் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். “தைரியமா இருங்க அக்கா,” என்று சொல்லிவிட்டுப் பேருந்து ஏறினேன். அறுபதுகளும் முடியப்போகின்றன. இன்னும் சொல்லவில்லை.

அவரிடம் சொல்லத் துணியாததை உங்களிடம் சொல்கிறேன். மன்னிக்கும் உரிமை உங்களுக்கு இல்லை. அது எனக்குத் தெரியும்.

அடுத்த முறை வெளிநாட்டுச் சரக்குக்கு ஆர்டர் எழுதியபோது, முதலாளியிடம் ஒரு நிபந்தனை வைத்தேன். அவர் காரணம் கேட்டார், நான் சொல்லவில்லை, ஆனாலும் ஒப்புக்கொண்டார். அன்று முதல் எங்கள் கடையில், புதிய சரக்குக்கு ஆர்டர் போகும் நாளிலேயே அலமாரியில் இருக்கும் பழைய மருந்தின் விலையையும் குறைத்துவிடுகிறோம்.