வாசலைப் பார்த்து வைத்த செருப்பு

2011 மார்ச் 11, வெள்ளிக்கிழமை. தவக்காலத்தின் முதல் வெள்ளி. தூத்துக்குடியில் என் அக்கா ரீத்தாவின் வீட்டில் ஐந்து மணிக்கு எழுந்தேன். ஐந்தரை மணிப் பூசைக்குப் போனேன். திரும்பும் வழியில் பால் வாங்கினேன். வாசலில் செருப்பைக் கழற்றி, குனிந்து, அதன் முனை தெருவைப் பார்க்கும்படி திருப்பி, இரண்டையும் ஒட்டி வைத்தேன். காப்பி குடித்துவிட்டு வந்து பார்த்தபோது இரண்டும் வீட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தன. விடுப்பில் வந்த நாளிலிருந்து இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. நான் திருப்பி வைப்பேன், அக்கா போகிற போக்கில் காலால் மறுபடி திருப்பிவிடுவாள். “வந்தவன் வந்த மாதிரி இரிலே. செருப்ப வாசலப் பாத்து வச்சா, எப்ப எந்திரிச்சி ஓடுவோம்னு நிக்க மாதிரில்லா இருக்கு” என்பாள்.

இந்தப் பழக்கத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் கிகுச்சி-சான். ஜப்பானின் வடகிழக்கே, மியாகி மாகாணத்தில், ஒரு மீன்பிடித் துறைமுக ஊரில் இருக்கிறேன். அங்கே மீனை உறையவைத்து அனுப்பும் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்ப்பது என் வேலை. நான் குடியிருக்கும் மூன்று மாடிக் கட்டடத்துக்குப் பக்கத்து வீடு அவருடையது. அறுபதைக் கடந்த அம்மாள்; ‘சான்’ அங்கே பெயரோடு சேர்க்கும் மரியாதைச் சொல். கணவர் தோரு-சான் படகு எஞ்சின் பழுதுபார்த்து ஓய்வுபெற்றவர். நான் போன முதல் வாரம், குப்பையை எந்தக் கிழமை எந்தப் பையில் போடுவது என்று சொல்லித்தர வந்தவர், கென்கான் என்று அவர்கள் சொல்லும் வாசல் பள்ளத்தில் என் செருப்பு கிடந்த கோலத்தைப் பார்த்தார். முழங்காலிட்டு அதைத் திருப்பி வைத்தார். என் அறை சுத்தமாக இல்லை என்று சொல்லாமல் சொல்கிறார் என நினைத்து மன்னிப்புக் கேட்டேன். அவர் பதறிப்போய் அதைவிடத் தாழ்வாகக் குனிந்து மன்னிப்புக் கேட்டார். அவர் சொன்ன காரணம் எனக்கு விளங்கப் பல மாதங்களாயின. இருட்டில் நிலம் நடுங்கினால் கால் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது. நேராக நுழைத்துக்கொண்டு மேட்டுக்கு ஓட வேண்டும். அதற்குத்தான்.

நான் மார்ச் பத்தாம் தேதி அங்கே திரும்பியிருக்க வேண்டும். நான் எதற்காக வந்தேனோ அந்த அக்கா மகள் கல்யாணம் தவக்காலத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. ஜப்பானிலிருந்து புறப்படும்போது, அங்குள்ள வழக்கப்படி, போகும் நாளையும் வரும் நாளையும் கிகுச்சி-சானிடம் சொல்லி, தூத்துக்குடித் தொலைபேசி எண்ணையும் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். ஆனால் பெட்டி கட்டும் நேரத்தில் அக்கா பிடித்துக்கொண்டாள். “இவ்வளவு தூரம் வந்துட்டு சூசையப்பர் அசனத்துக்கு இல்லாமப் போவியாலே?” புனித சூசையப்பர் திருநாளான மார்ச் பத்தொன்பதாம் தேதி அக்கா வீட்டில் ஆண்டுதோறும் அசனம் போடுவார்கள். பூசை முடிந்ததும் தெருவுக்கே சோறு. வந்தவர் யாராயிருந்தாலும் பந்தியில் உட்காரலாம். நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி விடுப்பை நீட்டிக்கொண்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை நண்பகல் கழிந்ததும் சவரக் கடைக்குப் போனேன். பாதி முகம் முடிந்திருந்தபோது சுவரில் இருந்த தொலைக்காட்சியில் கறுப்பாக ஒன்று வயல்களின் மேல் ஊர்ந்துகொண்டிருந்தது. முதலில் தீ என்று நினைத்தேன். அதில் வீடுகள் மிதந்தன. கீழே ஓடிய எழுத்தில் மியாகி என்ற பெயரைப் படித்தேன். கடைக்காரர் கத்தியைத் தூக்கிப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, “மீதியையும் எடுத்துரட்டுமா அண்ணாச்சி?” என்று கேட்டார். சரியென்று தலையை அசைத்தேன். எனக்குள் முதலில் எழுந்தது துக்கமில்லை. நான் அங்கே இல்லை என்பதே. நாற்காலியின் கைப்பிடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு அந்த நிம்மதியை உணர்ந்தேன். கண்ணாடியில் என் முகம் முழுதாகச் சவரமாகும்வரை உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு ஜப்பானில் எந்த எண்ணுக்கும் இணைப்பு கிடைக்கவில்லை. சில நாட்களில் நிறுவனத்தின் மின்னஞ்சல் வந்தது. தொழிற்சாலை இல்லை, அப்போது வேலையில் இருந்தவர்கள் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஏறிவிட்டார்கள், வெளிநாட்டினர் அவரவர் நாட்டிலேயே இருக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். தங்குமிடங்களின் சுவரில் ஒட்டிய கையெழுத்துப் பட்டியல்களைப் படம்பிடித்து இணையத்தில் போட்டிருந்தார்கள். என் எழுத்தறிவுக்கு எட்டியவரை தேடினேன். கிகுச்சி என்ற பெயர் அந்தப் பக்கத்தில் நிறைய உண்டு. என் கிகுச்சிகள் கிடைக்கவில்லை. இதற்கிடையே புகுஷிமாவில் அணுஉலைக் கட்டடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெடிப்பதைத் தொலைக்காட்சி திரும்பத் திரும்பக் காட்டியது. எங்கள் ஊர் அதற்கு வெகு வடக்கே. ஆனால் துக்கம் விசாரிப்பது போல வந்தவர்கள் ‘அந்த உலைக்குப் பக்கத்துலயா தம்பி இருந்திய?’ என்று கேட்டபோது நான் திருத்தவில்லை.

அத்தானுக்கு உப்பு வியாபாரம். அவர் ஒரு மதியம் சிரித்துக்கொண்டே வந்தார். “கேட்டியா மாப்ள, அயோடின் உப்பு தின்னா அணுக்கதிரு ஒண்ணும் செய்யாதாம். வெளிநாட்டுல மூட மூடயா வாங்குதானாம். நம்ம உப்பளத்துல மலையாக் கெடக்கு. ஒரு கப்பல் விட்டோம்னா, நீ ஜப்பான் பாஷைக்கு இங்கனயே ஏஜென்ட்டா இருந்துரலாம்.” வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். உப்பில் இருக்கும் அயோடின் எதற்கும் போதாது என்று எனக்குத் தெரியும். தரம் பார்க்கிறவன் நான். ஆனால் நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கியதும் அக்கா சொன்னாள்: “ஏஜென்ட்டோ என்னமோ, இனி அங்க போறதில்லன்னு சூசையப்பர் முன்னால சொல்லிரு. அவருதான் அசனத்தச் சாக்கா வச்சி ஒன்னப் புடிச்சி நிப்பாட்டுனாரு.” அந்த வருட அசனம் எனக்கான நன்றி அசனமாகிவிட்டது. நான் சரியென்றும் சொல்லவில்லை, மறுக்கவுமில்லை.

2004இல் இதற்கு நேர்மாறாக நடந்தது. நம் கடற்கரையைச் சுனாமி அடித்தபோது நான் ஜப்பானில் இருந்தேன். கிகுச்சி-சான் மூடிபோட்ட கிண்ணத்தில் சூப் கொண்டுவந்து வாசலிலேயே நின்றார். எங்கள் ஊர் தப்பித்துவிட்டது என்று சொல்ல எனக்கு அவசரம். ஒரு தாளில் இந்தியாவை வரைந்து, பக்கத்தில் துளிபோல இலங்கையை வரைந்து, இந்தத் தீவு குறுக்கே நின்று எங்களை மறைத்துவிட்டது என்று விளக்கினேன். அவர் வெகுநேரம் அந்தத் துளியையே பார்த்தார். பிறகு, “இங்கே இருப்பவர்கள்?” என்று கேட்டார். அங்கே யார் வசிக்கிறார்கள் என்று கேட்பதாக எடுத்துக்கொண்டு, “அது வேறு நாடு, அங்கேயும் தமிழ் பேசுகிறவர்கள் உண்டு” என்றேன். அவர், “அப்படியா” என்று சொல்லிக் குனிந்துவிட்டுப் போனார். அவர் கேட்டது என்ன என்பது, கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

திருநாளுக்கு முந்தைய நாள் கோயில் அலுவலகத்துக்குப் போனேன். நம் கோயில்களில் பூசைக்கு முன், சாமியாருக்கு உதவியாயிருக்கும் உபதேசியார் ஒலிபெருக்கியில் பூசைக் கருத்துகளை வாசிப்பார். இன்னார் குடும்பத்தின் நன்றிக்காக, இன்னாருடைய ஆன்ம இளைப்பாற்றிக்காக என்று. எங்கள் குடும்பத்து நன்றியை அக்கா ஏற்கெனவே கொடுத்துவிட்டாள். அதனோடு கிகுச்சி தம்பதியின் பெயரும் அந்தக் கோயிலில் ஒருமுறை கேட்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. உபதேசியார் பெயரை இரண்டு முறை சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். பிறகு நிமிர்ந்து, “உயிரோட இருக்காங்களா, ஆன்மாவா?” என்றார்.

தகவல் ஒன்றுமில்லை என்றேன்.

“ஒரு வாரமாச்சில்லா தம்பி. அந்தத் தண்ணில யாரு நிக்க முடியும்? வேண்டுதல்னா எல்லாருக்குமாச் சேத்து ஒரே வரியாப் போயிரும். ஆன்மான்னா பேரத் தனியா வாசிப்பேன்.”

“ஆன்மான்னே போடுங்க” என்றேன்.

நாட்குறிப்பில் விலையையும் மழையையும்கூடச் சரிபார்த்து எழுதுகிறவன் நான். சரிபாராமல் இரண்டு பேரை அன்று சாகவிட்டேன். பெயர் தனியாகக் கேட்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அது மட்டுமில்லை. அவர்கள் இல்லை என்றால், திரும்பிப் போய் நான் முகத்தைக் காட்ட வேண்டியவர்கள் என்று அந்த ஊரில் யாருமில்லை. அலுவலகப் படியிறங்கும்போது தோளிலிருந்து ஏதோ இறங்கியது போலவே இருந்தது.

பத்தொன்பதாம் தேதி காலை, “ஜப்பான் சுனாமியிலிருந்து அற்புதமாகக் காப்பாற்றப்பட்ட ரொசாரியோவுக்காக, குடும்பத்தாரின் நன்றிப் பூசை” என்று உபதேசியார் வாசித்தார். முன்வரிசையிலிருந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்து, “ஜப்பானில் இறந்த கிகுச்சி மசாகோ, கிகுச்சி தோரு ஆன்மாக்களின் இளைப்பாற்றிக்காக” என்றார். எழுத்துப் பிசகாமல் சரியாகவே வாசித்தார். அசனப் பந்தலில் சாம்பார் வாளியோடு நடந்த என்னை வழியெல்லாம் நிறுத்தினார்கள். பெரியதாழையிலிருந்து வந்திருந்த அத்தானின் உறவினர் ஒருவர் என்னைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து, கூடங்குளத்தில் வரப்போகிற உலைக்கும் இந்தக் கதி நேருமா, நேர்ந்தால் எவ்வளவு தூரம் ஓட வேண்டும் என்று கேட்டார். படகும் பிள்ளைகளும் உள்ளவர். அவர் பயம் நிஜமான பயம். “அங்கன இருந்து தப்பிச்சி வந்தவரு, ஒங்களுக்குத் தெரியாததா?” என்றார். நான் தப்பித்தவனாகவே உட்கார்ந்து, தொலைக்காட்சியில் கேட்டதையெல்லாம் அவருக்குச் சொன்னேன்.

பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்த மாலை வேளையில் தொலைபேசி அடித்தது. அக்கா எடுத்து, ஒன்றும் புரியாமல் என்னிடம் நீட்டினாள்.

“மோஷி மோஷி. ரொசாரியோ-சான்? கிகுச்சி பேசுகிறேன்.”

என் முதுகு தானாக வளைந்தது. சுவரைப் பார்த்துக் குனிந்துகொண்டே நின்றேன். அவர் குரல் கட்டியிருந்தது. பின்னால் நிறையப் பேர் வரிசையில் நிற்கும் சத்தம். “நீங்கள் அங்கே இருக்கிறீர்களா? இந்தியாவிலா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “யோகத்தா” என்றார். நல்லதாயிற்று, நிம்மதி என்று பொருள். அதையே மூன்று நான்கு முறை சொன்னார். பிறகு துண்டு துண்டாகச் சொன்னதை நான் சேர்த்துப் புரிந்துகொண்டது இது. பத்தாம் தேதி நான் வந்துவிட்டேன் என்றே அவர்கள் நினைத்திருக்கிறார்கள். முந்தைய இரவு விளக்கு எரியாததால், பயணக் களைப்பில் தூங்குகிறேன் என்று இருந்துவிட்டார்கள். நிலம் நடுங்கி முடிந்ததும் அவர் மேட்டுக்கு ஓட, தோரு-சான் என் கட்டடத்துக்கு ஓடிவந்து மாடியேறிக் கதவைத் தட்டியிருக்கிறார். தட்டிக்கொண்டே நின்றதில் தண்ணீர் வந்துவிட்டது. மொட்டைமாடிக்கு ஏறி, பனி கொட்டக் கொட்ட இரவு முழுவதும் அங்கேயே நின்றிருக்கிறார். இப்போது நிமோனியா. மருத்துவமனையில் பிழைத்துக்கொண்டார். பள்ளிக்கூடச் சுவரில், தேடப்படுகிறவர்கள் வரிசையில், கிகுச்சி-சான் தன் கையால் என் பெயரை எழுதி ஒட்டியிருக்கிறார். இன்றுதான் தொலைபேசி முறை கிடைத்தது. ஓடும்போது எடுத்துக்கொள்ள எப்போதும் கட்டி வைத்திருக்கும் ஆபத்துப் பையில் என் எண் இருந்தது.

தேதி மாற்றியதை நான் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. நம் ஊரில் பத்து நாள் கூடத் தங்கினால் அதைப் பக்கத்து வீட்டுக்கு யார் சொல்வார்கள்? “சுமிமாசென்” என்றேன். மன்னிக்கவும் என்பதற்கு அவர்களிடம் இதைவிடக் கனமான சொற்கள் உண்டு. எனக்கு எதுவும் வரவில்லை.

“இல்லை இல்லை. பூட்டிய கதவை வீணாய்த் தட்டவைத்தானே என்று அவர் உங்கள்மேல் கோபமாக இருக்கிறார்” என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. “உங்கள் கடல் எப்படி இருக்கிறது? அலை அங்கே வரவில்லையே? அந்தத் தீவில் இருப்பவர்களுக்கு?”

“யாருக்கும் ஒன்றுமில்லை” என்றேன். பின்னால் இருப்பவர்களுக்கு முறை விட வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டார்.

அக்கா என் பக்கத்திலேயே நின்றிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், ஈரம் போன பிறகும். “பூசையில வாசிச்சோமே, அவங்களா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். “ஒன்னப் புடிச்சி நிப்பாட்டுனது நாந்தான். சூசையப்பரு தலையில போட்டுட்டேன்” என்றாள். நான் போக வேண்டும் என்றேன். அத்தான், அணுக்கதிர் அது இது என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் ஞாயிறு. ஐந்து மணிக்கு எழுந்து கதவைத் திறந்தேன். முந்தைய இரவு பந்தல் வேலையெல்லாம் முடித்து வந்து செருப்பை எப்படியோ உதறிவிட்டுப் படுத்திருந்தேன். இப்போது அது படியின் விளிம்பில், இரண்டும் ஒட்டி, தெருவைப் பார்த்து இருந்தது. அடுப்படியில் விளக்கு எரிந்தது. அக்கா வெளியே வரவில்லை. காலை நுழைத்துக்கொண்டு நேராகக் கோயிலுக்குப் போனேன். பூசைக்கு முன்பே உபதேசியாரைப் பார்த்து, நேற்று வாசித்த இருவரும் உயிரோடு இருக்கிறார்கள் என்று சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியை எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார். “நல்லதாப் போச்சி. அப்ப நன்றின்னு எழுதிருதேன். குடுக்கிறவரு பேரு ஒங்க பேருதான். ஊரு எதப் போட?”

அந்தத் துறைமுக ஊரின் பெயரைச் சொன்னேன். அவருக்கு எழுத வரவில்லை. பேனாவை வாங்கி நானே எழுதினேன், தமிழில்.