ஐம்பதாவது பெயர்

ஹாமித் மௌத்தாகி அடக்கமான எழுபத்தோராம் நாள், அவர் பெயரைப் பித்தளையில் பொறித்துவிட்டார்கள் என்ற செய்தி அவர் மனைவி ரோஷன் பேகத்துக்கு வாட்ஸ்ஆப்பில் வந்தது. டெக்ஸஸில் இருக்கும் காயல்பட்டினத்துக்காரர்களின் குழுவில், எல்லோருக்கும் அண்ணன் முறையான ரஹீம் காக்கா படம் போட்டிருந்தார். அதன் கீழே மாஷா அல்லாஹ்க்கள் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன. படத்தில் இருந்த தகட்டின் ஆங்கில வாசகம் இதுதான்: இந்தச் சுவரில் உள்ள ஐம்பது தேசிய விருதாளர்களின் பட்டியலைத் தொகுத்துச் சரிபார்த்தவர் ஹாமித்.

ரோஷன் இரண்டு முறை படித்தாள். மூன்றாம் முறை 'ஐம்பது' என்ற ஒரு சொல்லை மட்டும் படித்தாள். ஃபோனைச் சோபாவில் வீசினாள். அது துள்ளித் தரையில் விழுந்தது.

"பொய்," என்றாள். கேட்க யாரும் இல்லாத வீட்டில் சொன்ன சொல் அவளுக்கே சத்தமாகக் கேட்டது.

அவர்கள் குடியிருந்த ரவுண்ட் ராக் ஊரில் தமிழர்கள் என்றால் முக்கால்வாசிப் பேர் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டுகிறவர்கள். ஹாமித் பந்தோடு. அதுவும் காலால் உதைக்கிற நம் பந்து இல்லை. தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற முட்டைப் பந்து. புள்ளியியல் படிக்கப் பெக்கன் ரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர், யார் எத்தனை கெஜம் ஓடினார்கள் என்று குறித்துவைக்கும் சனிக்கிழமை வேலைக்குப் போனார். இலவசமாக ஒரு சீஸ் சாண்ட்விச் கிடைக்கும் என்பதற்காகப் போனதாக அவரே சொல்லுவார். பட்டம் வாங்கிய பிறகும், மைதானத்துக்கு மேலே குறிப்பெடுப்பவர்கள் உட்காரும் அந்தக் கூண்டிலிருந்து அவர் இறங்கவில்லை. அணியின் ஆவணங்களுக்கெல்லாம் பொறுப்பாளராகி, இருபத்திரண்டு வருடம் அங்கேயே இருந்தார்.

"ஏம்ப்பா, ஊர்ல உள்ளவனெல்லாம் ஐ.டி.ல இருக்கான், நீ இன்னும் பந்து பொறுக்கிட்டு இருக்கியா?" என்று ரஹீம் காக்கா ஒவ்வொரு நோன்பு திறப்பிலும் கேட்பார்.

"பொறுக்கறதில்ல காக்கா, எண்ணுறேன். பொறுக்கறதுக்கு வேற ஆள் இருக்கு."

ஆட்டத்தின் இடைவேளையில் ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் துண்டை விரித்துப் பிற்பகல் வக்தான அஸரைத் தொழுவார். ஒருமுறை பயிற்சியாளர் அவரைத் தேடிக் கத்தியபோது, "கொஞ்சம் பொறுங்கள், பெரிய பயிற்சியாளரோடு பேசிக்கொண்டிருக்கிறார்" என்று கூண்டில் இருந்தவர்கள் சொன்னார்களாம். அணி தன் பிரிவில் தேசியப் பட்டம் வென்ற வருடம் எல்லோருக்கும் தங்க மோதிரம் போட்டார்கள். ஆணுக்குத் தங்கம் ஆகாது என்று இவர் ஸ்டீலில் கேட்டு வாங்கினார். அதையும் போட்டதில்லை. இன்றும் மேஜை இழுப்பறையில் பேனாக்களோடு கிடக்கிறது.

ஒவ்வொரு வருடமும் பத்திரிகைக்காரர்களும் பயிற்சியாளர் சங்கங்களும் நாட்டிலேயே சிறந்த கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்து அணிகளாக அறிவிப்பார்கள். முதல் அணியில் வந்தவன் 'ஆல் அமெரிக்கன்'. அவன் கல்லூரிக்கு அது காலத்துக்கும் பெருமை. எல்லா அணிகளுக்கும் கீழே, பெயரைச் சொன்னோம், அவ்வளவுதான் என்கிற மாதிரி ஒரு கௌரவக் குறிப்பும் உண்டு. அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. நூறு வருடத்தில் எங்களிடம் ஐம்பது ஆல் அமெரிக்கன்கள் என்று பெக்கன் ரிட்ஜ் சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் அதற்கென்று ஒரு மண்டபம் கட்ட முடிவுசெய்து, பட்டியலைச் சரிபார்க்கும் வேலையை ஹாமித்திடம் கொடுத்தார்கள்.

நூலகத்தில் பழைய நாளிதழ்களின் ஃபிலிம் சுருள்களை எட்டு மாதம் ஓட்டிப் பார்த்தார். நாற்பத்தொன்பது பேர் சரி. ஐம்பதாவது ஆள், 1978இல் ஆடிய ராய் கிம்ப்ரோ, எந்தப் பத்திரிகையின் முதல் அணியிலும் இல்லை. எல்லாவற்றிலும் கௌரவக் குறிப்புதான். யாரோ ஒருவர் எந்த வருடமோ தப்பாகத் தட்டச்சு செய்ததை அடுத்தடுத்து வந்தவர்கள் பார்த்துப் பார்த்து எழுதிவிட்டார்கள். ஹாமித் அந்தக் கிம்ப்ரோவையே தேடிப் பிடித்துப் பேசினார். ஆள் மாடு வளர்த்துக்கொண்டு தெம்பாக இருந்தார்.

"ரோஷி, அந்த மனுஷன் சிரிக்கறாரு! 'நான் ஃபர்ஸ்ட் டீம்ல இருந்ததே இல்ல தம்பி. முப்பது வருஷமா சொல்றேன், ஒருத்தனும் காதுல போட்டுக்கல'ங்கறாரு." அன்று ஹாமித் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார்.

மறுவாரம் கூட்டம் முடிந்து வந்த அன்று சாப்பிடவே இல்லை. விளையாட்டுத் துறையின் உதவி இயக்குநர் கர்ட் வெல்மன் எல்லோர் முன்னாலும் சிரித்துக்கொண்டே, "ஐம்பது என்றால் சுவர், ஹாமித். நாற்பத்தொன்பது என்றால் கேள்வி," என்றாராம். நான் சரிபார்த்தேன் என்று எழுதமாட்டேன் என்றார் ஹாமித். அதையே மூன்று முறை கடிதமாகவும் எழுதிக் கொடுத்தார். பதில் இல்லை. ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை, மைதானத்துக் கார் நிறுத்துமிடத்தில், காரைக் கிளப்புவதற்கு முன்பே அவர் இதயம் நின்றுவிட்டது. சீட் பெல்ட் போட்டிருந்தார்.

இவ்வளவையும் அறிந்தவள்தான் தரையில் விழுந்த ஃபோனைக் குனிந்து எடுத்து ரஹீம் காக்காவைக் கூப்பிட்டாள்.

"யாரு காக்கா இதுக்குச் சரின்னு சொன்னது?"

"நான்தாம்மா. ஃபேமிலி பெர்மிஷன் வேணும்னு காலேஜ்ல இருந்து போன் பண்ணாங்க. ஜனாஸா அடக்க வேலையெல்லாம் நான்தானே பாத்தேன், என் நம்பர்தான் அவங்ககிட்ட இருந்துச்சு. நீ இத்தால இருக்கே, உன்ன எதுக்கு டிஸ்டர்ப் பண்ணணும்னு ஃபார்ம்ல நானே சைன் பண்ணிட்டேன்."

கணவன் இறந்தவள் நான்கு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்கவேண்டும், அந்நிய ஆண்கள் முன்னால் வரக்கூடாது. அந்த இத்தாவில் பாதிதான் கழிந்திருந்தது. அத்தனை நாளும் எல்லோரும் அவளிடம் மெதுவாகவே பேசினார்கள். எதையும் கேட்காமல் எல்லாவற்றையும் செய்து முடித்தார்கள்.

"இத்தால இருந்தா எனக்குக் காது கேக்காதா? கை எழுத வராதா?"

"கோவப்படாதம்மா. ஸ்டேடியத்துல நம்மூர்க்காரன் பேரு! எவனுக்குக் கெடைக்கும்?"

"பொய்க்குக் கீழ அவரு பேரு காக்கா. உயிரோட இருந்தா 'இது நான் சொன்னதில்ல'ன்னு எந்திரிச்சுச் சொல்லுவாரு. மௌத்தானவரு எப்படி எந்திரிச்சுச் சொல்லுவாரு? பொய் சாட்சியில கைநாட்டு வச்ச மாதிரி ஆக்கிட்டீங்களே!"

"ஒரு நம்பர்தானேம்மா. அம்பதா இருந்தா என்ன, நாப்பத்தொம்பதா இருந்தா என்ன..."

"நாலு வக்து தொழுதுட்டு அஞ்சு வக்துன்னு சொல்லுவீங்களா?"

ரோஷன் ஃபோனை மறு காதுக்கு மாற்றினாள்.

"அந்த வெல்மன வீட்டுக்கு வரச் சொல்லுங்க."

"நீ அந்நிய ஆம்பளையப் பாக்கக் கூடாதேம்மா இப்ப."

"பாக்கமாட்டேன். பேசுவேன்."

வியாழக்கிழமை கர்ட் வெல்மன் ஒரு பூத்தொட்டியோடு வந்தார். அதே பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கும் மகள் இஸ்ரத் அவரை ஷூவைக் கழற்றச் சொல்லி, ஹாலில் உட்காரவைத்தாள். ரோஷன் படுக்கையறைக் கதவை ஒரு சாண் திறந்துவைத்து, உள்ளே ஹாமித்தின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வெல்மனுக்கு எங்கே பார்த்துப் பேசுவது என்று தெரியவில்லை. கதவைப் பார்த்தார், இஸ்ரத்தைப் பார்த்தார், கடைசியில் சுழலும் மின்விசிறியிடம் பேசத் தொடங்கினார்.

"ஹாமித் எங்கள் குடும்பத்தில் ஒருவர், மேடம்."

கதவுக்குப் பின்னாலிருந்து ஆங்கிலம் தெளிவாக வந்தது. "குடும்பத்தில் ஒருவர் எழுதிய மூன்று கடிதங்களுக்கு ஏன் பதில் போடவில்லை?"

அது ஆட்டக்காலம், எல்லோருக்கும் வேலை நெருக்கடி என்று அவர் சமாதானம் சொன்னார். ரோஷன் ஒரு ஃபைலைக் கதவிடுக்கில் நீட்டினாள். இஸ்ரத் வாங்கி அவர் மடியில் வைத்தாள். உள்ளே 1978 டிசம்பர் நாளிதழ்களின் நகல்கள் இருந்தன. ராய் கிம்ப்ரோவின் பெயருக்குக் கீழே ஹாமித் பென்சிலால் மெல்லிய கோடு இழுத்து, ஓரத்தில் கிம்ப்ரோவின் ஃபோன் நம்பரையும் எழுதிவைத்திருந்தார். வெல்மன் ஒரு பக்கம் புரட்டினார், அடுத்ததைப் புரட்டவில்லை.

"இதை நான் பார்த்திருக்கிறேன்," என்றார் தாழ்ந்த குரலில்.

இந்த ஆள் ஆதாரத்தைப் பார்த்திருக்கமாட்டார், விவரமாகச் சொன்னால் புரிந்துகொள்வார் என்று ரோஷன் மூன்று நாளாக வாக்கியங்களைக் கோத்துவைத்திருந்தாள். தெரிந்தே செய்திருக்கிறார். தெரிந்தே, அந்தப் பொய்யைத் தாங்கிப் பிடிக்க, மறுபேச்சுப் பேச முடியாத ஓர் ஆளாகத் தேடி எடுத்திருக்கிறார். எழுந்து கதவை விரியத் திறந்து அந்த முகத்தை நேருக்கு நேர் பார்க்கவேண்டும் என்று ஒரு வெறி வந்தது. நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"நாற்பத்தொன்பது என்று மாற்றுங்கள். இல்லையென்றால் அவர் பெயரை எடுங்கள். நீங்கள் வாங்கிய கையெழுத்து என்னுடையது இல்லை. அது வக்கீலுக்கும் புரியும். சனிக்கிழமை திறப்பு விழாவுக்குள் இரண்டில் ஒன்று நடக்கவேண்டும்."

"சுவரில் ஐம்பது என்ற எண்ணை ஏற்கெனவே வார்த்து ஏற்றியாகிவிட்டது, மேடம்." அவர் ஃபைலை மூடினார். "பெயரை எடுத்துவிட்டால், இருபத்திரண்டு வருடம் அவர் உழைத்ததற்கு அந்தக் கட்டடத்தில் ஒன்றுமே இருக்காது. யோசித்துச் சொல்லுங்கள்."

அந்தச் சொல் குத்த வேண்டிய இடத்தில் குத்தியது. இருபத்திரண்டு வருடச் சனிக்கிழமைகள். இஸ்ரத் பிறந்த அன்றும் ஆட்டம் முடிந்துதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். தாமதத்துக்குத் திட்டு வாங்கிக்கொண்டே குழந்தையின் காதில் தொழுகை அழைப்பான பாங்கைச் சொன்னார். வெல்மன் காத்திருந்தார்.

"இருக்காது," என்றாள் ரோஷன். "எடுங்கள்."

அவர் போன பிறகு பூத்தொட்டியை வெளியே வாசல்படியில் வைக்கச் சொன்னாள். சனிக்கிழமை வரைக்கும் அதற்கு யாரும் தண்ணீர் ஊற்றவில்லை.

சனிக்கிழமை காலை இஸ்ரத் தனியாகப் போனாள். பதினொரு மணிக்குப் படம் அனுப்பினாள். பளிங்குச் சுவரில் ஆள் உயரத்துக்கு '50' என்ற எண். வரிசையாக முகங்கள். கடைசி முகம் ராய் கிம்ப்ரோ, இளைஞராக. அதற்குக் கீழே, தகடு இருந்த இடத்தில் நான்கு திருகாணி ஓட்டைகள். ரோஷன் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி அந்த ஓட்டைகளையே பார்த்தாள். கேட்டது கிடைத்துவிட்டது. பொய் அப்படியே நின்றது, அவர்தான் போயிருந்தார். கோபம் இம்மியும் இறங்கவில்லை.

குழுவில் ரஹீம் காக்கா பழைய படத்தை அழித்திருந்தார். அவளுக்குத் தனியாக ஒரு செய்தி வந்திருந்தது: "நான் கேட்டிருக்கணும்மா. மன்னிச்சுக்க." அவள் பதில் போடவில்லை. பிறகு போடலாம்.

மதியம் இஸ்ரத் காரைக் கராஜுக்குள் ஏற்றி நிறுத்திவிட்டு, டிக்கியைத் திறந்து ஒரு அட்டைப்பெட்டியைக் கீழே தள்ளினாள். பெட்டி நிறைய, வந்தவர்களுக்குக் கொடுக்க அச்சடித்த விழா மலர்ப் புத்தகங்கள்.

"உம்மா, லாஸ்ட் பேஜ் பாருங்க. தகட கழட்டினாங்க, திஸ் தே ஃபர்காட்." கடைசிப் பக்கத்தில் அதே வாசகம், அதே பெயர். "டேபிள்ல யாருமே இல்ல. ஸோ ஐ டுக் த ஹோல் பாக்ஸ்."

"திருடிட்டு வந்தியா?"

"இட்ஸ் வாப்பா'ஸ் நேம். அவங்களோடதா அது?"

ரோஷன் மகளைப் பார்த்தாள். அப்பனுக்கு இருந்த அதே நிமிர்ந்த மூக்கு. இருவரும் கராஜின் சிமென்ட் தரையில் உட்கார்ந்தார்கள். ரோஷன் முதல் மலரை எடுத்து, கடைசித் தாளைப் பிடித்துக் கிழித்தாள். அடுத்தது. அதற்கடுத்தது. முதலில் கிழித்ததெல்லாம் வெல்மனின் சட்டையைக் கிழிப்பது போல இருந்தது. போகப் போக, கையில் வருவது ஒவ்வொரு தடவையும் ஹாமித் என்ற பெயர்தான் என்பது உறைத்தது. கை நிற்கவில்லை. கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டு கிழித்தாள். மலர்களைக் குப்பைத்தொட்டிப் பக்கம் தள்ளினாள்; பெயர் இருந்த தாள்களை அப்படிப் போட மனம் வராமல் தன் துப்பட்டாவில் அடுக்கினாள்.

பெட்டி காலியானதும் இஸ்ரத் அடுக்கைத் தட்டிச் சமன்செய்தாள். "அரவுண்ட் டூ ஹண்ட்ரட் இருக்கும்."

"அரவுண்டெல்லாம் வேணாம்," என்றாள் ரோஷன். "எண்ணு."

இஸ்ரத் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினாள். எண்பத்து மூன்றில் இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டு வந்தன. அவள் நிறுத்தி, அவற்றைப் பிரித்துவிட்டு, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள்.