முந்தானையில் விட்டுப்போன பூமி

கிராஃப் பேப்பர் மேல் கலர் பென்சிலை அழுத்தித் தேய்த்தால் ஒரு மெழுகு வாசனை வரும். சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தால் சோற்றிலும் அதே வாசனைதான் அடிக்கும்...

எனக்கு அப்போது இருபது வயது. பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் டிசைன் போடும் வேலை. நான் கட்டம் கட்டமாக வரைந்து கொடுப்பதைப் பார்த்துத்தான் தறியில் பூவும் மயிலும் விழும். தப்பாக வரைந்தால் தப்பாகவே விழும். அந்த பயம் எனக்கு அப்போது சுத்தமாகக் கிடையாது. கொழுப்புதான், வேறென்ன.

நிலாவில் மனிதன் கால் வைத்த புதிது. மெட்ராஸில் ஒரு காலேஜில் பிசிக்ஸ் சொல்லிக்கொடுக்கும் நிர்மலா மேடம் கடைக்கு வந்தார். அவருக்கே கல்யாணம். முகூர்த்தப் புடவை முந்தானையில் மாங்காயும் வேண்டாமாம், அன்னமும் வேண்டாமாம்.

"நடுவுல சூரியன். சுத்தி ஒன்பது கிரகமும் வட்டம் வட்டமா வரணும். முடியுமா?"

முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லையே நமக்கு!

நேராகக் கோயிலுக்குப் போய் நவக்கிரகத்தைச் சுற்றினேன். நடுவில் சூரியன் நிற்கிறார், சுற்றி மற்றவர்கள். மேடம் சொன்னது அப்படியே இருக்கிறதே! நிறத்துக்கும் அலையவில்லை. சாமிக்குச் சாத்தியிருந்த துணியைப் பார்த்தே குறித்துக்கொண்டேன். புதனுக்குப் பச்சை, குருவுக்கு மஞ்சள், செவ்வாய்க்குச் சிவப்பு...

நெய்யக் கொடுத்தது மாணிக்கம் அண்ணனிடம். கிராஃபைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது.

"கல்யாணப் பொடவையில சனியாப்பா? பொண்ணு வூட்ல ஒத்துக்குவாங்களா?"

"அந்தம்மாவே கேட்டதுதான்ணே. கறுப்பு வேணாம், நீலம் போட்டுக்கலாம்."

அரைமனதாகத் தறியில் ஏற்றினார். ஒவ்வொரு கிரகத்துக்கும் தனித்தனி நூல், எல்லாம் கையால் கோத்து எடுக்க வேண்டும். அவரும் அவர் மனைவி குப்பம்மா அண்ணியும் பன்னிரண்டு நாள் அதிலேயே கிடந்தார்கள். முந்தானை முடிந்து, புடவையின் உடல் பகுதியில் ஒரு சாண் நெய்திருந்த நேரம், மேடம் புடவையைப் பார்க்கத் தறி வீட்டுக்கே வந்துவிட்டார்.

குனிந்து பார்த்தார். விரலால் எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"அழகா இருக்கு... ஆனா பூமி எங்கப்பா?"

நான் கிராஃபை எடுத்து எண்ணிப் பார்த்தேன்.

"கிராஃப்ல இருந்ததத்தாம்மா போட்டேன்," என்றார் மாணிக்கம் அண்ணன். நெய்ததை அவிழ்க்க முடியாது. மேடம் வேண்டாம் என்றுவிட்டால் இரண்டு பேர் உழைப்பும் பாழ். புடவையை அறுத்துத்தான் போட வேண்டும்.

"தப்பு என்னுதுதான் மேடம். கோயில்ல பாத்து வரைஞ்சேன்," என்றேன். அழுகை வந்துவிட்டது, மறைப்பானேன்.

அவர் திட்டவில்லை. தரையிலேயே உட்கார்ந்தார். தறிக்கடியில் கிடந்த கழிவு நூல்களைப் பொறுக்கி, உருட்டி உருட்டி வரிசையாக வைத்தார்.

"இது சூரியன். கிட்டக்க புதன், அப்புறம் வெள்ளி. மூணாவதுதான் நாம. நிலா நம்மளச் சுத்துது, அதனால அது கிரகக் கணக்குல வராது. அடுத்தது செவ்வாய். அதத் தாண்டி துண்டு துண்டா கல்லுங்க, ஆயிரக்கணக்குல. பெருசா இருக்கறது வியாழன், உங்க குரு. வளையம் போட்டுக்கிட்டு சனி. இன்னும் தூரத்துல யுரேனஸ், நெப்டியூன், புளூட்டோ... எப்பவாவது வால் நட்சத்திரம் எட்டிப் பாத்துட்டுப் போகும்."

"ராகு கேது?" என்றேன்.

"அங்க கல்லும் இல்ல, மண்ணும் இல்ல. சூரியன் போற பாதையும் நிலா போற பாதையும் வெட்டிக்கிற ரெண்டு இடம், அவ்வளவுதான். கிரகணம் அங்கதான் பிடிக்கும்."

ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருந்த குப்பம்மா அண்ணி ராட்டையை நிறுத்தினார்.

"ஏம்மா, நாம நின்னுக்கினு பாக்கற எடந்தானே பூமி? அத்த எப்டிமா மேல தேடறது?"

மேடம் சிரித்துவிட்டார். "கோயில்லயும் அதனாலதாங்க பூமி இல்ல. சரி, முந்தானை அப்படியே இருக்கட்டும். கடைசி மூணும் வெறும் கண்ணுக்குத் தெரியாது, போகட்டும். ஆனா பூமி இல்லாம இதக் கட்டிக்கிட்டு காலேஜ் பக்கம் போனா பசங்க கிண்டல் பண்ணுவாங்க. கொசுவத்துல, கால்கிட்ட, ஒரு சின்ன நீல உருண்டை போட்டுடுங்க."

மாணிக்கம் அண்ணன் தறிக்குழியிலிருந்து எழுந்தே விட்டார்.

"பூமித்தாய கால்கிட்ட போடச் சொல்றியேம்மா! என் கையால மாட்டேன்."

"நாம மிதிக்கிறதே அதத்தானேங்க?"

"மிதிக்கிறது வேற, நெய்யறது வேற. தோள்ல வர எடமாப் பாத்துப் போடறேன்."

அப்படியே போட்டார். நீலமும் பச்சையும் கலந்து, புளியங்கொட்டை அளவு. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு புடவை போய்ச் சேர்ந்தது. முதலாளிக்கு விஷயம் தெரியவே தெரியாது. மேடமும் சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அந்த நன்றி எனக்கு இன்றைக்கும் இருக்கிறது.

இப்போது புளூட்டோவைக் கிரகக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டார்கள். நல்லவேளை, நாங்கள் நெய்யவில்லை!

என் மகன் இதே தொழிலில்தான் இருக்கிறான். எல்லாம் கம்ப்யூட்டர். பூமி விட்டுப்போனால் ஒரு தட்டு, வந்து உட்கார்ந்துவிடும். சவுகரியம்தான், குறை சொல்ல மாட்டேன்.

போன வாரம் அவன் ஒரு டிசைனில் ஏதோ தப்பு பண்ணிவிட்டான். வாங்குகிறவரிடமிருந்து இரண்டே வார்த்தையில் மெசேஜ் வந்தது. "கரெக்ட் பண்ணுங்க."

என்ன தப்பு, ஏன் தப்பு... தரையில் உட்கார்ந்து சொல்ல அவனுக்கு ஆள் வரவில்லை.