ஆமை பன்னின் மேல் தடவிய முட்டை

கர்த்தருக்குள் அன்பானவர்களே, என் கையால் ஒரு குழந்தைக்கு மூச்சு முட்டியது. இரண்டாவது தடவையும் முட்டியிருக்கும். அதைத் தடுத்தவரைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் பார்த்தாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

1998 டிசம்பர் மாதம். சதுரங்கப்பட்டினம் போகிற ரோட்டில் ஒரு பேக்கரியில் மாஸ்டராக இருந்தேன். பக்கத்து அணுமின் நிலைய டவுன்ஷிப்பிலிருந்து ஒரு அம்மா கடைக்கு வருவார். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். வீட்டுக்காரருக்கு ஷிப்டு வேலை. ஒரே பையன், நாலு வயது, பெயர் நவீன். முட்டை அவனுக்கு ஆகாது. கொஞ்சம் உள்ளே போனாலும் உடம்பு தடித்து மூச்சு இழுக்கும். பக்கத்து வீட்டுப் பிறந்தநாளில் மற்ற பிள்ளைகள் கேக் தின்ன, அவன் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பானாம்.

"அண்ணே, முட்டை இல்லாம ஒரு பன்னு போட்டுத் தருவீங்களா? ரொம்ப ஆசைப்படுதான்" என்று கேட்டார்.

சரிம்மா என்றேன். மாவில் முட்டை போடவில்லை. அது சத்தியம். ஆனால் பன்னை அடுப்புக்குள் தள்ளும் முன் அடித்த முட்டையைப் பிரஷால் மேலே தடவுவோம். அப்போதுதான் தோல் சிவந்து பளபளக்கும். இருபது வருடமாக என் கை அதைத் தானாகவே செய்து வந்தது. எங்கள் தொழிலில் அதற்கு முட்டை போடுவது என்றே பெயரில்லை. மாவில் போட்டால்தான் முட்டை. மேலே தடவினால் அது பாலீஷ். அன்றைக்கும் தடவினேன். நினைத்துச் செய்யவில்லை. நினைக்காமல் செய்தேன், அதுதான் என் குற்றம்.

ஒரு வாரம் கழித்து அந்த அம்மா முகம் வாடி வந்தார். பையனுக்கு உதடு வீங்கி, மூச்சு இழுத்து, இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறான். காய்ச்சலுக்கு அப்போது புதிதாக ஒரு சிரப் கொடுத்திருந்தார்கள்.

"முட்டை ஏதும் சாப்பிட்டானான்னு டாக்டர் கேட்டாரு. இல்லவே இல்லைன்னு சொல்லிட்டேன். அந்தச் சிரப்புதான் ஆகல போலிருக்கு. இப்ப உங்க பன்னு வேணும்னு ஒரே அழுகை. சாயந்திரம் ஒண்ணு போட்டுத் தாங்கண்ணே" என்றார்.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. பாவம், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிள்ளை என்று பன்னை ஆமை மாதிரி பிடித்தேன். நாலு கால், ஒரு தலை, முதுகில் கத்தியால் கட்டம் கட்டமாகக் கீறல். கடற்கரைப் பிள்ளைக்கு ஆமை பிடிக்கும் அல்லவா? முதுகு மின்ன வேண்டும் என்று இரண்டு முறை தடவினேன்.

நாலு மணிக்கு அம்மா வந்தார். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னண்ணே, இப்படி மின்னுது! மேல என்ன தடவுனீங்க?"

அந்த நொடியில்தான் எனக்கு எல்லாம் தெரிந்தது. வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. கல்லாவிலிருந்து முதலாளி சிரித்தார். "எண்ணெய்தாம்மா. நம்ம தாஸு கை அப்பிடி. மொட்டைத் தலையில தடவுனாலும் மின்னும்."

அம்மா சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "எண்ணெய்தானண்ணே?"

நான் தலையாட்டினேன்.

சபையில் இதற்கு முன் இரண்டு முறை இந்தச் சாட்சியைச் சொல்லியிருக்கிறேன். இரண்டு முறையும் இந்த இடத்தை விட்டுவிட்டேன். தெரியாமல் செய்த தப்பு என்று மட்டும் சொன்னேன். தெரிந்த பிறகும் தலையாட்டினேன். கர்த்தரும் நீங்களும் என்னை மன்னிக்க வேண்டும்.

அவர் போனதும் முதலாளியிடம் சொன்னேன்.

"இன்னாடா சொல்ற? மேல தடவுறதெல்லாம் ஒரு முட்டையா? சும்மா பேஜாரு பண்ணாத. நீ போய் உளறிவெச்சா அந்தக் காலனிலேர்ந்து ஒருத்தன் இந்தப் பக்கம் வருவானா?"

பின்கட்டுக்குப் போய் மைதா மூட்டைகளுக்கு நடுவே முழங்கால் போட்டேன். என்ன ஜெபித்தேன் தெரியுமா? ஆண்டவரே, இந்த ஒரு தடவை அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொள்ளும், விஷயம் வெளியே தெரியாமல் போகட்டும் என்று ஜெபித்தேன். என் மானத்தைக் காப்பாற்றச் சொல்லிக் கேட்டேன். அந்தப் பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு நிற்பதே கண்ணுக்குள் வந்தது. கடைசியில் வேறு மாதிரி கேட்டேன். "ஆண்டவரே, நான் போய்ச் சேரும் வரை அவன் அதை வாயில் வைக்கக் கூடாது. எனக்கு வாயைக் கொடும்." அவ்வளவுதான். மாவுக் கையோடு சைக்கிளை எடுத்தேன்.

டவுன்ஷிப் கேட்டில் காவலாளி மறித்தார். "யாரைப் பாக்கணும்? வூட்டு நம்பர் இன்னா?"

"நம்பர் தெரியாதுண்ணா. நவீன்னு ஒரு புள்ள. முட்டை ஒத்துக்காது."

"நல்லா கீதுபா கதை. முட்டை ஒத்துக்காததெல்லாம் ஒரு அட்ரஸா?"

என் வாழ்நாளில் கத்தாதவன் அன்றைக்குக் கத்தினேன். "அண்ணா, அந்தப் புள்ள செத்துடும்ணா! நான் குடுத்தத தின்னா செத்துடும்!" காய்கறிப் பையோடு போன ஒரு பெண் நின்றார். வீட்டு நம்பர் அவருக்குத் தெரிந்திருந்தது, சொன்னார். காவலாளி என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அவரே சைக்கிளை மிதித்தார்.

கதவு திறந்தே இருந்தது. டி.வி. மேல் ஒரு தட்டு. தட்டில் ஆமை. அதற்கு மூன்று கால்தான் இருந்தது.

"புள்ள எங்கம்மா? கால் எங்க?"

"நான்தாண்ணே ருசி பாத்தேன். அவன் தொட விடமாட்டேங்கான். அப்பா ட்யூட்டி முடிஞ்சு வந்து பாக்கணுமாம், அப்புறம்தான் திம்பானாம்."

பையன் தரையில் உட்கார்ந்து ஆமையைக் காவல் காத்துக்கொண்டிருந்தான். தொடவே இல்லை.

நின்ற இடத்திலேயே சொன்னேன். "மேல முட்டை தடவிட்டேம்மா. மொத தபாவும் தடவுனேன். சிரப்பு மேல தப்பில்ல. நான்தான்."

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. பையனை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு மெல்லக் கேட்டார்: "கடையில வச்சுக் கேட்டேனேண்ணே. உங்க மூஞ்சியப் பாத்துத்தான கேட்டேன்?"

தட்டிலிருந்த ஆமையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

முதலாளி பத்து நாள் என்னோடு பேசவில்லை. தைப் பொங்கல் முடிந்து அந்த அம்மாவே வந்தார். நேராக உள்ளே வந்து தட்டு, பிரஷ், சட்டி, கரண்டி எல்லாவற்றையும் காட்டச் சொன்னார். நான் ஒளிக்காமல் காட்டினேன். முட்டை பட்ட சட்டியிலேயே எல்லா மாவையும் பிசைகிறோம் என்பதையும் சொன்னேன். "இவ்வளவு இருக்கா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனாலும் திரும்பிப் போகவில்லை. கடைக்கு விடுமுறையான திங்கட்கிழமைகளில் புதுச் சட்டியில் செய்து பழகினோம். முட்டைக்குப் பதில் வாழைப்பழம் பிசைந்து போட்டோம். மினுமினுப்புக்குச் சர்க்கரைப் பாகு தடவினோம். முதல் கேக் செங்கல் மாதிரி வந்தது. "அண்ணே, இத வச்சு வீடே கட்டலாம்" என்றார். அன்றுதான் அவர் என்னிடம் மறுபடி சிரித்தார்.

இப்போது நானும் என் மனைவியும் வீட்டிலேயே போடுகிறோம். எங்கள் வீட்டுக்குள் முட்டை வருவதில்லை, வேர்க்கடலையும் வருவதில்லை. முட்டுக்காட்டிலிருந்தும் செங்கல்பட்டிலிருந்தும் இவை ஆகாத பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். மாவில் என்ன, மேலே என்ன, எந்தச் சட்டியில் என்று அவர்கள் கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன். சொல்லும்போது இன்னும் வியர்க்கிறது. நவீனுக்கு இன்றுவரை முட்டை ஒத்துக்கொள்ளவில்லை. அதற்காகவும் ஜெபிக்கிறேன். அந்த ஜெபத்துக்குப் பதில் இன்னும் வரவில்லை.

என் மானத்தைக் காப்பாற்றச் சொல்லி நான் செய்த ஜெபத்தை அவர் கேட்கவில்லை. அதற்காக அவருக்கு ஸ்தோத்திரம். அதைக் கேட்டிருந்தால் அந்தப் பிள்ளை இல்லை. பிரியமானவர்களே, சொல்ல வேண்டிய உண்மை ஒன்று உங்களுக்கும் இருந்தால் முழங்காலிலேயே இருந்துவிடாதீர்கள். எழுந்து போய்க்கொண்டே ஜெபியுங்கள். நீங்கள் போய்ச் சேரும் வரை அவர் அங்கே காத்துக்கொள்வார்.