தங்கச்சியின் மேசை

என் தங்கச்சி ஜெர்மனியில் மாட்டிக்கொண்டவள். எங்கள் குடும்பத்தில் அப்படித்தான் சொல்வோம். கனடாவுக்கு என்றுதான் இருவரும் ஒன்றாகப் புறப்பட்டோம். நான் வந்து சேர்ந்தேன். அவள் இடையில் பிடிபட்டு அங்கேயே தங்கிவிட்டாள். இருபத்தைந்து வருடமாக அவளுக்காகப் பரிதாபப்பட்டு வந்திருக்கிறேன். மொன்றியலிலிருந்து மிளகாய்த்தூள்கூடப் பார்சலில் அனுப்பினேன். அந்தப் பரிதாபம் எனக்கு எவ்வளவு சுகமாக இருந்தது என்பது, போன இலையுதிர்காலத்தில் அவளுடைய கிராமத்துக்குப் போனபோதுதான் தெரிந்தது.

திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே, வைன் செய்யும் ஒரு குடும்பம் தங்கள் வளவிலேயே நடத்தும் சாப்பாட்டுக்கடைக்கு என்னைக் கூட்டிப்போனாள். அவள் காரை நிறுத்திவிட்டு வருவதற்குள் நான் உள்ளே போய், அடுப்புக்குப் பக்கத்தில் வெறுமையாகக் கிடந்த பெரிய வட்டமேசையில் வசதியாக அமர்ந்தேன். பரிமாறும் பெண் ஓடிவந்தாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால், எழும்பச் சொல்கிறாள் என்று விளங்குவதற்கு ஜெர்மன் தெரியவேண்டியதில்லை. பிறகு தங்கச்சி சொல்லித்தான் தெரியும், அது நெடுநாள் வாடிக்கைக்காரருக்கான மேசையாம். வேறு எவரும் இருக்கக்கூடாதாம். கோட்டைத் தூக்கிக்கொண்டு கதவடியில் நின்றேன். நாலு கிழவர்கள் வந்து அந்த மேசையில் அமர்ந்தார்கள்.

பிறகு தங்கச்சி வந்தாள். நேரே அந்த மேசைக்குப் போய் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினாள். நாலு கிழவர்களும் திருப்பித் தட்டினார்கள். ஆளாளுக்குக் கைகொடுக்காமல் மேசையைத் தட்டி வணக்கம் சொல்வது அங்கத்தைய வழக்கம். ஒருவர் நகர்ந்து இடம் விட்டார்.

“வாங்கோ அக்கா, இருங்கோ. என்னோட வந்தா ஒண்டும் சொல்லமாட்டினம்.”

அவளோடு வந்தால்! என்னை எழுப்பிய அதே பெண் அவள் கேளாமலே வெள்ளை வைனில் சோடா கலந்து கொண்டுவந்து வைத்தாள். வருடா வருடம் லீவு போட்டுவிட்டு இவர்களுக்குத் திராட்சை வெட்டப் போகிறாளாம். கிழவர் ஒருவர் ஏதோ கேட்டார், இவள் ஏதோ சொன்னாள், மேசையே குலுங்கிச் சிரித்தது. வெங்காயமும் புளித்த பாலாடையும் பூசிச் சுட்ட மெல்லிய ரொட்டி வந்தது. நல்ல ருசி. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள். கனடாதான் அந்தப் பச்சை என்று நம்பி இருந்தவள் நான்.

“மொன்றியல்ல எனக்கும் இப்பிடி ஒரு கடை இருக்கு,” என்றேன். “வீட்டுக்குக் கிட்ட, வில்லரேயில. நான் போய் இருந்தாலே என்ர மேசைக்குக் கோப்பி வந்திடும்.”

“அப்ப நான் வரேக்க கூட்டிக்கொண்டு போங்கோ அக்கா.” நம்பிவிட்டாள்.

அப்படி ஒரு கடையும் இல்லை. பத்தொன்பது வருடமாக நான் பால் வாங்கும் மூலைக்கடைக்காரர், இன்றைக்கும் என்னை முதன்முதலாகக் காண்பவர்போலத்தான் “பொன்ஜூர்” சொல்கிறார்.

மே மாதம், டிக்கெட் போட்டுவிட்டதாகத் தங்கச்சி போன் பண்ணினாள். அந்தச் சனிக்கிழமையே மெட்ரோவுக்குக் கிட்ட ஒரு கஃபேயைத் தெரிவுசெய்தேன். ஏழு சனிக்கிழமை, ஒரே நேரம், ஒரே யன்னலோர மேசை, ஒரே கோப்பி, தாராளமான டிப்ஸ். பக்கத்து மேசையில் எப்போதும் ஒரு கிழவர் பத்திரிகையோடு இருப்பார். ஒவ்வொரு வாரமும் அவருக்கு வணக்கம் சொன்னேன். அவர் பக்கத்தைத் திருப்பினார். ஆறாவது வாரம் பரிமாறும் பிள்ளை கேளாமலே கோப்பி கொண்டுவந்தாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எட்டாவது சனிக்கிழமை தங்கச்சியோடு போனேன். நான் அமர்ந்ததும் கோப்பி வந்தது, கேளாமலே. ‘பாத்தியா?’ என்ற முகத்தோடு அவள் பக்கம் திரும்பினேன். அவள் கோப்பியைக் கவனிக்கவே இல்லை. உட்காரும்போது பழக்கதோஷத்தில் மேசையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, கூச்சத்தோடு சிரித்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்துக் கிழவர் பத்திரிகையை இறக்கினார். அவளைப் பார்த்தார். பிறகு, தன் மேசையில் இரண்டு தட்டுத் தட்டினார்.

ஏழு சனிக்கிழமை அந்த மனிசனுக்குப் பக்கத்தில் இருந்தவள் நான்.